காதங்கியின் ராடாரும் திருமலையின் யாகமும்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் குன்றுகள் சூழ்ந்த காதங்கி என்ற சிற்றூர் உள்ளது. அங்கே நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 130 மீட்டர் கொண்ட ஒரு திடலில் 1,024 ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக நடப்பட்டிருக்கின்றன. 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் இந்த ராடார், 1990களின் தொடக்கம் முதல் தலைக்கு மேலுள்ள வளிமண்டலத்தின் காற்றோட்டத்தை அடுக்கடுக்காக அளந்து வருகிறது. இதை மையமாகக் கொண்டு வளர்ந்த நிறுவனம்தான் 2005இல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் என்று பெயர் பெற்றது. உழைக்கும் மக்களின் வரிப்பணத்தில், விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் நிறுவனம் அது.

அதே வானத்தின் கீழ்தான் திருமலையும் இருக்கிறது. 2019 மே மாத நடுவில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அங்குள்ள பார்வேட்டை மண்டபத்தில் மழை வேண்டி ஐந்து நாட்கள் காரீரி இஷ்டி யாகமும் வருண ஜபமும் நடத்தியது. அதன்பின் மழை என்ன செய்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஜூன் மாதத்தில் நாடு முழுவதும் பெய்த மழை இயல்பைவிட 33 விழுக்காடு குறைவு. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கொட்டித் தீர்த்தது. பருவம் முடிந்தபோது மொத்த மழை நீண்டகாலச் சராசரியில் 110 விழுக்காடு. ஜூனைக் காட்டினால் தெய்வ சோதனை என்பார்கள்; செப்டம்பரைக் காட்டினால் தெய்வ அருள் என்பார்கள். எது நடந்தாலும் தோற்காத கூற்று அது. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்குப் பகுதியைவிட மிகுந்த வெப்பத்தோடு இருந்ததையும், அது பிற்பகுதி மழைக்குத் துணை நின்றதையும் யாக மேடையில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை.

ஆந்திரத்தை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறை, கோயில்களில் மழைக்காக யாகம் நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அமிர்தவர்ஷினி ராகம் வாசிக்க வேண்டும் என்பதும் அதில் ஓர் அம்சம். ராகத்தின் மீது குறையில்லை. ஆனால் சென்னைக்குக் குடிநீர் வந்தது ராகத்தால் அல்ல. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஓடிய ரயில் வேகன்களில்தான் வந்தது. அந்த ரயிலை நிரப்பியதும் ஓட்டியதும் தொழிலாளர்கள்.

இந்தச் சூழலில் கவனிக்க வேண்டிய ஒரு புதிய கூட்டம் உருவாகியிருக்கிறது. மாடியில் மழைமானி வைத்து ஒவ்வொரு மில்லிமீட்டரையும் குறித்துக்கொள்பவர்கள், செயற்கைக்கோள் படத்தில் மேகத்தின் நகர்வை இரவெல்லாம் பின்தொடர்பவர்கள், பல நாட்டுக் கணினி மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் அடங்கிய வானிலை ஆர்வலர் கூட்டம் அது. 'ஆந்திரப் பிரதேச வெதர்மேன்' என்று அறியப்படும் சாய் பிரணீத், திருப்பதி மண்ணிலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர். வானிலைத் தரவுகளை ஆராய்ந்து விவசாயிகளுக்கு அவர்களுடைய மொழியிலேயே சொல்லிவருகிறார். 2021இல் பிரதமரே தமது வானொலி உரையில் அவரைக் குறிப்பிட்டார். தனிமனிதரின் ஆர்வத்தைப் பாராட்டுவது எளிது. அந்த வேலையைச் செய்ய வேண்டிய அரசு அமைப்பு என்னவாயிற்று என்ற கேள்வி பின்னால் வருகிறது.

வானிலை ஆர்வலருக்கும் சோதிடருக்கும் உள்ள வேறுபாடு, தவறினால் என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது. நாளை 5 சென்டிமீட்டர் மழை என்று சொல்லி ஒரு துளியும் பெய்யாவிட்டால், வானிலை ஆர்வலர் அதை ஒப்புக்கொண்டாக வேண்டும். காற்றின் திசை எங்கே மாறியது என்று தேடியாக வேண்டும். இது பொருள்முதல்வாதத்தின் அரிச்சுவடி. ஆனால் அரிச்சுவடி தெரிந்தவர் எல்லாரும் நூலை வாசித்து முடிப்பதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் புறப்படுவதற்கு முன் அதன் சிறு மாதிரியைத் திருமலைக்குக் கொண்டுசென்று வழிபடுவது விண்வெளி அதிகாரிகளின் வழக்கமாகவே ஆகிவிட்டது. அவர்களில் எவருடைய தனிப்பட்ட நம்பிக்கையும் அவருடைய உரிமை. அதில் கட்சிக்கு மாற்றுக் கருத்து இல்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976 முதல் அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்லும் நாட்டில், அது ஓர் அரசு நிறுவனத்தின் சடங்காக மாறுவதுதான் கேள்விக்குரியது.

இத்தகைய ஆர்வலர் ஒருவர் அடுத்த அடி எடுத்து வைத்தால் யாரைச் சந்திப்பார்? ஈரோட்டிலிருந்து எழுந்த குரலைத் தமிழர் அறிவர். ஆந்திரத்தின் நாத்திக மரபு சித்தூர்த் தமிழருக்கேகூட அவ்வளவாகத் தெரியாது. கோரா என்று அழைக்கப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவ் (1902–1975) தாவரவியல் ஆசிரியர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பாடம் நடத்தியவர், கோவையில் பருத்தி ஆராய்ச்சியில் பணியாற்றியவர். நாத்திகக் கருத்துகளுக்காக 1933இல் காக்கிநாடா கல்லூரி அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவருடைய துணைவியார் சரஸ்வதி கோரா, கருவுற்றிருந்த காலத்தில் கிரகண நேரத்தில் வீட்டுக்குள் முடங்க மறுத்து வெளியே வந்து நின்றவர். உப்புச் சத்தியாகிரக ஆண்டில் பிறந்த மகனுக்கு 'உப்பு' என்று பொருள்படும் லவணம் என்ற பெயரை வைத்த குடும்பம் அது. 1940இல் கிருஷ்ணா மாவட்டம் முதுனூரில் அவர்கள் தொடங்கிய நாத்திக மையம் 1947இல் விஜயவாடாவுக்கு இடம்பெயர்ந்தது. கட்சிகளற்ற ஜனநாயகம் பேசிய கோராவோடு கம்யூனிஸ்டுகள் வேறுபட்ட இடங்கள் பல. அதை மறைக்கத் தேவையில்லை.

இந்த மரபு வானிலையை நேருக்கு நேர் சந்தித்த நாள் ஒன்று உண்டு. 1977 நவம்பர் 19 அன்று திவிசீமா கரையைப் புயல் தாக்கியது. கடல் ஊருக்குள் புகுந்து ஏறத்தாழ 10,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. உண்மை எண்ணிக்கை அதைவிடக் கூடுதல் என்போர் உண்டு. நாத்திக மையத்தார் அங்கே கடவுள் உண்டா இல்லையா என்று விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. நிவாரணப் பணியில் இறங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக 1978இல் ஆர்த்திக் சமதா மண்டல் என்ற அமைப்பை நிறுவினார்கள். கரையோர மக்களிடம் நாத்திகருக்கு மதிப்பு வந்தது மேடைப் பேச்சால் மட்டும் அல்ல.

மதத்தைப் பற்றி 1909இல் லெனின் எழுதியது இங்கே பொருந்தும். இன்றைய மதத்தின் ஆழமான வேர், எந்த நேரத்தில் வந்து தன்னை அழிக்கும் என்று உழைப்பாளியால் முன்கூட்டிச் சொல்ல முடியாத மூலதனத்தின் குருட்டு வலிமை மீதான அச்சத்தில் இருக்கிறது என்றார் அவர். ராயலசீமாவின் நிலக்கடலை விவசாயிக்கு அந்தக் குருட்டு வலிமை இரண்டு முகத்தோடு வருகிறது: ஒன்று பொய்க்கும் மழை, மற்றொன்று பொய்க்காத வட்டி. மழை பெய்தும் விலை இல்லாவிட்டால் கடன் தீராது. அப்படிப்பட்டவர் திருமலைக்கு முடி காணிக்கை நேர்ந்துகொள்வதைப் பார்த்துச் சிரிக்கும் பகுத்தறிவாளர், அவருடைய எதிரியைத் தவறாக அடையாளம் காண்கிறார்.

அச்சத்தைக் குறைக்க வேண்டிய அரசு என்ன செய்தது என்பதைப் பார்க்க வேண்டும். வாரம் இருமுறை, உள்ளூர்ப் பயிருக்கும் உள்ளூர் மழைக்கும் ஏற்ப விதைக்கலாமா, மருந்து தெளிக்கலாமா, அறுவடையைத் தள்ளிப்போடலாமா என்று விவசாயிக்குச் சொல்வதற்காக 2018 முதல் வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலை மையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் 199 மையங்களை மூடும்படி 2024 தொடக்கத்தில் உத்தரவு வந்தது. விண்வெளிக்கு ராக்கெட் அனுப்பும் நாட்டில், வட்டாரத்துக்கு வானிலைச் செய்தி அனுப்பும் ஊழியருக்குச் சம்பளம் இல்லையாம்! அந்த வெற்றிடத்தில் ஒரு பக்கம் தனியார் வானிலை நிறுவனங்கள் நுழையும். இன்னொரு பக்கம் பஞ்சாங்கம் நுழையும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பதில்லை.

2021 நவம்பரில் திருப்பதி கண்டதும் இதே கதையின் மறுபக்கம். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 19ஆம் தேதி அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. நகரத்துத் தெருக்கள் ஆறாயின, சுவர்ணமுகி பெருக்கெடுத்தது, மலைப்பாதைகள் மூடப்பட்டன, செய்யேற்றின் மீதிருந்த அன்னமய்யா அணை உடைந்தது, ராயலசெருவு ஏரிக் கரையில் கசிவு கண்டு சுற்றுவட்டார ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். கனமழை எச்சரிக்கை இல்லாமல் வந்த வெள்ளம் அல்ல அது. ஏரியையும் ஓடையையும் மனைகளாக்கி விற்றவர்களைப் பற்றி எந்த ராடாரும் எச்சரிக்கை தராது. வெள்ளத்தைத் தெய்வக் குற்றம் என்று சொல்வது யாருக்கு வசதி என்று மனை வாங்கி ஏமாந்த குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

ஆகவே மழைமானியோடு நிற்கும் அந்த இளைஞரை நாத்திகக் கூட்டத்துக்கு அழைத்துச் செல்வதோடு தோழர்களின் வேலை முடியாது. ஜன விஞ்ஞான வேதிகாவும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் எல்லையின் இருபுறமும் செயல்படுகின்றன. நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. அந்த இளைஞர் விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் வந்து மழைக் கணக்கை வாசிக்கலாம். காதங்கியின் வாயிலைப் பள்ளி மாணவர்களுக்கும் விவசாயிகளுக்கும் அகலத் திறக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். மூடும்படி உத்தரவிட்ட மையங்களைத் திறக்கும் கோரிக்கையைப் பயிர்க் காப்பீட்டுக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதலாம். ஜூனில் முதல் மழை விழுந்ததும் விதைக் கடலையைக் கையில் வைத்துக்கொண்டு சித்தூர் விவசாயி கேட்பது ஒரே கேள்விதான்: இந்த வாரம் விதைக்கலாமா, பொறுக்கலாமா?