உயிலில் தர்மத்துக்கு ஒரு வரி

அப்பா 1986-ல் காலமானார். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தவர். கடைசிக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கடி சொல்வார்: "தோப்பை விக்கறப்போ ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடுங்கடா. மழை பெஞ்சா பசங்க ஒதுங்க இடமில்ல." மகன்கள் மூவரும் தலையாட்டினோம்.

அவர் போனபின் தோப்பை விற்றோம். பணத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். அண்ணன் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், தம்பிக்குக் கடன், எனக்குப் பாதியில் நின்ற வீடு. அப்பா சொன்னது மூவருக்குமே ஞாபகம் இருந்தது. அடுத்தவன் பேச்சை எடுக்கட்டும் என்று மூவருமே சும்மா இருந்துவிட்டோம். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவரவர் தேவை கழுத்தை நெரிக்கும்போது, வாய்ச்சொல்லாக மட்டும் இருந்த ஆசை தோற்றுப்போனது.

அதனால்தான் சொல்கிறேன், தர்மம் செய்ய ஆசை இருந்தால் உயிலில் எழுதிவையுங்கள். பிள்ளைகளின் நல்ல மனசை நம்பி விட்டுவிடாதீர்கள். அது அவர்கள் தலையில் பாரத்தை ஏற்றுவதாகும்.

"இருக்கும்போதே கொடுக்கலாமே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முடிந்ததைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பென்ஷன்காரனுக்கு ஆஸ்பத்திரிச் செலவை நினைத்தாலே பயம். கையில் இருப்பதை விட மனசு வராது. உயிலில் எழுதும் தர்மம், அந்தப் பயத்துக்கெல்லாம் போக மிஞ்சுவதிலிருந்து கொடுப்பது. நமக்கு ஒரு வேளை மருந்துகூட அதனால் குறையாது.

எழுதினால் மட்டும் போதாது, சரியாக எழுத வேண்டும். பச்சையப்ப முதலியார் தர்மத்துக்கு உயில் எழுதிவிட்டு 1794-ல் இறந்தார். சொத்து வழக்குகளில் சிக்கிக்கொண்டது. அந்தப் பணத்திலிருந்து பள்ளிக்கூடம் வந்தது 1842-ல்தான். அவ்வளவு பெரிய செல்வருக்கே 48 வருஷம் என்றால் நாம் எம்மாத்திரம்?

போன மாதம் நான் எழுதினேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சுயமாகச் சம்பாதித்ததைத்தான் முழுக்க நம் இஷ்டப்படி எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டேன். நிறைவேற்றும் பொறுப்பை என்னைவிட வயதில் சிறிய ஒருவரிடம் கொடுத்தேன். மனைவி காலம்வரை எல்லாம் அவளுக்கு. பிறகு பத்தில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்கு. இத்தனை ரூபாய் என்று எழுதவில்லை. அன்றைக்கு எவ்வளவு மிஞ்சும், யார் கண்டது? பங்கு என்று எழுதினால் யாருக்கும் சங்கடமில்லை. அப்பா வேலை பார்த்த பள்ளியில் இப்போது பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். அது மூடப்பட்டிருந்தால் பணம் எங்கே போக வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். "ஏழைப் பிள்ளைகளுக்கு" என்று மொட்டையாக எழுதுவதில் பயனில்லை. பெயர், ஊர், விலாசம் எல்லாம் வேண்டும்.

முக்கியமாக, பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உயிலைப் பிரிக்கும்போது அவர்கள் திடுக்கிடக் கூடாது. என் மகனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்குக் குறைவில்லாம இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டான். நியாயமான கேள்வி. கணக்கை எடுத்துச் சொன்னேன், சரி என்றான்.

அண்ணன் இப்போது இல்லை. தம்பியிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். தோப்புப் பேச்சை நாங்கள் எடுத்தது இத்தனை வருஷத்தில் அன்றுதான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அந்த வக்கீல் நம்பரைக் குடுண்ணா" என்றான்.

நீங்களும் உயில் எழுதியிருந்தால் எடுத்துப் பாருங்கள். எழுதவில்லையென்றால் இந்த வாரமே உட்காருங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு எழுதியபின் வெளியில் ஒருவருக்கு ஒரு வரி சேர்க்க முடியுமா என்று யோசியுங்கள். ஒரு வரி போதும்.