தேடுபொறியே விடை சொல்லிவிட்டால் எழுதியவருக்கு என்ன மிச்சம்?

நிலக்கடலை பயிரிடும் விவசாயிகளுக்கு டி.எம்.வி. என்ற சொல் புதிதல்ல. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று விதைக் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்கிறார்களே, அந்தப் பெயருக்குள் ஒளிந்திருப்பது திண்டிவனம். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் அவை, டி.எம்.வி. 2 வெளியான ஆண்டு 1940. ஓர் ஊரில் விளைந்த அறிவு, அந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டே நாடெங்கும் போயிருக்கிறது.

அதே திண்டிவனத்தில் இருந்துகொண்டு நான் செய்யும் தொழிலில் இப்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. நான் தேடுபொறி சந்தைப்படுத்தல் துறையில் இருக்கிறேன். ‘கூகுளில் வேலையா?’ என்று உறவினர்கள் கேட்பார்கள். இல்லை. ஒரு கடையோ மருத்துவமனையோ பயிற்சி மையமோ, மக்கள் தேடும்போது முதல் பக்கத்தில் கண்ணில் படுவதற்கு வேண்டியதைச் செய்து கொடுப்பது என் வேலை. பாதி எழுத்து, பாதி தொழில்நுட்பம். வாரம் இரண்டு முறை விழுப்புரத்துக்கு ரயிலேறி வாடிக்கையாளர்களைப் பார்ப்பேன். மற்ற நாள்களில் வீட்டு மாடி அறைதான் அலுவலகம்.

வெளியில் இருந்து பார்த்தால் சூத்திரங்கள் நிறைந்த வேலையாகத் தெரியும். உண்மையில் இது மக்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று காது கொடுப்பது. விழுப்புரம் என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாகத் தட்டச்சு செய்கிறார்கள்! ழகரத்துக்கு ஒருவர் ‘எல்’ போடுகிறார், இன்னொருவர் ‘இசட்’ போடுகிறார். ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி 2020 ஜூனில் தமிழக அரசு வெளியிட்ட அரசாணையில் 1,018 ஊர்கள் இருந்தன. சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அந்த வாரம் எங்கள் துறையினர் பட்ட பதற்றம் வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

இந்தத் தொழில் ஓர் எழுதப்படாத ஒப்பந்தத்தின்மேல் நின்றது. தளத்தை நடத்துபவர் தன் பக்கங்களைத் தேடுபொறி இலவசமாகப் படிக்க விடுவார். பதிலுக்குத் தேடுபொறி அவருக்கு வாசகர்களை அனுப்பும். வந்த வாசகரைக் கொண்டு அவர் பொருளை விற்கலாம், விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். தமிழில் எழுதியவர்களுக்கு இந்தப் பலனே தாமதமாகத்தான் வந்தது. கூகுளின் ‘ஆட்சென்ஸ்’ விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். தேடல் முடிவுகளின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கம் இந்தியாவுக்கு வந்தது 2024 ஆகஸ்ட்டில். அடுத்த ஆண்டே, உரையாடல் வடிவில் விடை தரும் ‘ஏஐ மோட்’ தமிழிலும் பேசத் தொடங்கிவிட்டது. நமக்குக் கிடைத்த இடைவெளி அவ்வளவுதான்.

விளைவு என்ன? 2025 மார்ச்சில் அமெரிக்கர்கள் 900 பேரின் இணையப் பயன்பாட்டைப் ‘பியூ’ ஆய்வு மையம் ஆராய்ந்தது. சுருக்கம் தோன்றிய தேடல்களில் வழக்கமான இணைப்பைச் சொடுக்கியது 8 விழுக்காடு. தோன்றாத தேடல்களில் 15 விழுக்காடு. சுருக்கத்துக்குள் இருக்கும் ஆதார இணைப்பைச் சொடுக்கியதோ வெறும் 1 விழுக்காடு. ஆய்வு முறை பிழையானது என்று கூகுள் மறுத்தது. இருந்தாலும், எங்கள் துறையில் ‘முதலை வாய்’ என்று ஒரு வரைபடத்தைச் சொல்வார்கள்: பக்கம் கண்ணில் பட்ட எண்ணிக்கை மேலே ஏறும், சொடுக்கியவர் எண்ணிக்கை கீழே இறங்கும், இரண்டு கோடுகளுக்கும் நடுவே வாய் பிளந்து நிற்கும். ஒரு விதைக் கடைக்காக நிலக்கடலை ரகங்களைப் பற்றி நான் தமிழில் எழுதிய பக்கங்களின் வரைபடமும் இன்று அப்படித்தான் இருக்கிறது. எழுதியதை மக்கள் படிக்கிறார்கள். எழுதிய இடத்துக்கு வருவதில்லை. மாதக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கடைக்காரர் கேட்கிறார். அவர் கேட்பதில் தவறு இல்லை.

இந்த நிலைக்கு எங்கள் துறை முழு அப்பாவி என்று சொல்ல மாட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு பக்கத்தை எழுதி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, திண்டிவனம், செஞ்சி, மயிலம், மரக்காணம், வானூர் என்று ஐந்து பக்கங்களாக ஆக்கியிருக்கிறேன். மரக்காணத்தில் அந்த நிறுவனத்துக்குக் கிளையே கிடையாது. இத்தகைய ‘வாசல் பக்கங்களை’ 2015இல் கூகுள் கடுமையாகத் தரம் இறக்கியது. அது நியாயமான நடவடிக்கை. ஒரு சமையல் குறிப்புக்கு ஆயிரம் சொல் முன்னுரை எழுதி வாசகரை அலைக்கழித்ததும் நாங்கள்தான். நேரடியாக விடை கிடைத்தால் போதும் என்று மக்கள் நினைத்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால், குப்பையும் பயனுள்ளதும் சேர்ந்தேதான் இப்போது பாதிக்கப்படுகின்றன. ஃபெஞ்சல் புயலை எண்ணிப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையின் மேல் தண்ணீர் ஓடியது. அந்த நாள்களில் நான் கவனித்துக்கொண்டிருந்த மருத்துவமனை ஒன்றின் தளத்தில், எந்தச் சாலை வழியாக வர முடியும், டயாலிசிஸ் பிரிவு இயங்குகிறதா என்பதை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதினோம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்தான் எங்கள் செய்தியாளர். மின்சாரம் இல்லாத ஊரில், சாகும் தறுவாயில் இருந்த கைபேசிகளில் மக்கள் அதைப் படித்தார்கள்.

எந்த மொழி மாதிரியும் இதைத் தானாக எழுத முடியாது. அது சுருக்குவதற்கு முன்னால் ஒருவர் தண்ணீரின் ஓரத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். சென்னைக்கும் பெங்களூருக்கும் அப்படி எழுத ஆயிரம் பேர் இருப்பார்கள். அரசூருக்கும் மயிலத்துக்கும் இரண்டு பேர் இருந்தால் அதிகம். அந்த இருவரும் கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்டால், அடுத்த புயலில் விடைப் பெட்டி பழைய தகவலைத்தான் தன்னம்பிக்கையோடு சொல்லும்.

தள உரிமையாளருக்கு விலகிக்கொள்ளும் உரிமை இல்லையா என்று கேட்கலாம். காகிதத்தில் இருக்கிறது. கூகுளின் மொழி மாதிரிப் பயிற்சிக்குத் தன் பக்கத்தைத் தராமல் தடுக்க 2023 முதல் வழி உண்டு. தேடல் சுருக்கத்துக்கு அது பொருந்தாது. அதிலிருந்து விலக, பக்கத்தின் முன்னோட்ட வரிகளையே மறைத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் சாதாரணத் தேடல் முடிவிலும் வெறும் தலைப்பு மட்டுமே எஞ்சும். கடைக்கு வெளியே பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வியாபாரம் செய் என்பதுபோல.

அரசுகள் விழித்துக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. தேடல் துறையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்ததாக 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செய்தித் தளங்களின் உள்ளடக்கத்தைச் சுருக்கங்களுக்குப் பயன்படுத்துவது குறித்து ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் விசாரணையைத் தொடங்கியது. இந்தியாவிலோ, ‘கூகுள் வரி’ என்று அழைக்கப்பட்ட, இணைய விளம்பரங்கள் மீதான 6 விழுக்காடு சமன்படுத்தும் வரி 2016இல் வந்து, 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் தொழில் வளர்ச்சித் துறையின் குழு ஒன்று, மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் நிறுவனங்கள் கட்டாய உரிமத்தின் கீழ் படைப்பாளர்களுக்கு ராயல்டி தர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பரிந்துரை நல்லதுதான். என் சந்தேகம் பங்கீட்டைப் பற்றியது. பெரிய பதிப்பகங்களுக்கும் இசை நிறுவனங்களுக்கும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், சங்கங்கள் இருக்கின்றன. கடலையில் டிக்கா இலைப்புள்ளி நோயைப் பற்றித் தமிழில் எழுதிய விதைக்கடையின் தளத்துக்கு எந்தச் சங்கம்? மேலும், பயிற்சிக்குக் காசு தருவதும் வாசகரை அனுப்புவதும் வெவ்வேறு. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வாசகரைக் கேட்பேன். ஆதாரத்தின் பெயரையும் ஊரையும் விடையின் முதல் வரியிலேயே காட்ட வேண்டும். தேடலில் இருந்து மறையாமலேயே சுருக்கத்தில் இருந்து விலக வழி வேண்டும். இந்த இரண்டையும் கட்டாயமாக்கப் புதிய வரி எதுவும் தேவையில்லை, போட்டி ஆணையத்தின் கண்டிப்பு போதும்.

வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டபோது எங்கள் மாவட்டத்தில் பலரும் மகிழ்ந்தோம். பட்டம் வாங்கியதும் தாம்பரம் ரயிலைப் பிடிக்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை. என்னிடம் பகுதிநேரமாக வேலை கற்கும் விழுப்புரத்து மாணவி சென்ற மாதம், “இந்த வேலை இன்னும் எத்தனை வருஷத்துக்கு இருக்கும் சார்?” என்று கேட்டார். இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்னேன்: பட்டியலைப் பார்த்துப் பக்கம் எழுதும் வேலை போய்விடும், போய்ப் பார்த்து எழுதும் வேலை இருக்கலாம். இந்த வாரம் அவர் விதைக் கடையில் உட்கார்ந்து, மழைக்குப் பிறகு எந்த ரகம் தாக்குப்பிடித்தது என்று வருகிற விவசாயிகளிடம் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறார். மயிலத்துக்காரர் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினாராம்.