ஒளி பிடிப்பவள் இருளில் நிற்பதா?

சென்ற சித்திரையில் செங்கற்பட்டுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் சீர்திருத்தத் திருமணம். தலைமை ஏற்று வாழ்த்துரை வழங்க நம்மை அழைத்திருந்தனர். மேடை கண்டால் நமக்கு நேரம் மறந்துபோகும் என்பது தோழர்கள் அனைவரும் அறிந்த இரகசியம்! அன்றும் மறந்தது. பெண்ணுரிமை பற்றிப் பேசினோம். பெண் கல்வி பற்றிப் பேசினோம். படிக்கப் புறப்பட்ட பெண்ணின் பாதையை மறிக்க இனி எவராலும் ஆகாது என்று முழங்கினோம். கைதட்டல் எழுந்தது. பந்தலே அதிர்ந்தது. அந்த ஆரவாரத்தின் நடுவே, மேடையின் ஓரத்தில், விளக்குக் கம்பத்தைத் தாங்கிப் பிடித்தபடி நின்ற ஒரு பெண் மட்டும் கைதட்டவில்லை. கை இரண்டும் கம்பத்தில்; கண் இரண்டும் கடிகாரத்தில்!

கீழே இறங்கியதும் அருகே வந்தாள். “அண்ணா, நல்லாத்தான் பேசினீங்க. ஆனா கால் மணி நேரம் முன்னாடி முடிச்சிருந்தீங்கன்னா எட்டு மணி வண்டியைப் பிடிச்சிருப்பேன். பத்து மணிக்கு எனக்கு பிராக்டிகல் பரீட்சை” என்றாள்.

படிக்கப் புறப்பட்ட பெண்ணின் பாதையை மறித்தவர் யார் என்று கேட்கிறீர்களா, தோழர்களே? நாமேதான்!

உடன் வந்திருந்த மகளிரணித் தோழியர் இருவரோடு அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு விரைந்தோம். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டோம். வழியெல்லாம் அவள் பேசினாள், நாம் கேட்டோம். நாம் பேசாமல் பிறர் பேசக் கேட்பது அரிதினும் அரிது என்று தோழியர் இன்றும் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அன்று கேட்டதைத்தான் இன்று எழுதுகிறோம்.

தந்தை கொத்தனார். தாய் அதே இடத்தில் சித்தாள். மகள், காட்சித் தொடர்பியல் படிப்பின் மூன்றாம் ஆண்டு மாணவி. புகைப்படக் கலையே தன் வழி என்று தேர்ந்து நிற்பவள். கல்லூரியில் பாடம், ரெக்கார்டு நோட்டு, நூற்றுக்கு 75 நாள் வருகை. அது ஒரு சுமை. இறுதியாண்டு ஆய்வேடு இன்னொரு சுமை: தன் வட்டாரத்தில் மூடப்பட்டுப்போன பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடித் தொகுக்கிறாள். மூன்றாவது, முகூர்த்த நாள்தோறும் திருமணப் படப்பிடிப்பாளர் ஒருவரிடம் உதவியாளர் வேலை. முதல்நாள் மாலை வரவேற்பு. விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம். பந்தி, வழியனுப்பு எல்லாம் முடித்து, கண்ணில் மணல் விழுந்தது போன்ற எரிச்சலோடு வகுப்புக்கு ஓட்டம். அதற்கொரு பேட்டா. ஆடியிலும் மார்கழியிலும் அதுவும் கிடையாது. அந்த மாதங்களில் ஊரில் எவரும் மணம் முடிப்பதில்லை அல்லவா! நல்ல நாள் பாராமல் ஆடியிலே மணம் முடிக்கும் தோழர்கள் பெருகினால் நமது கொள்கையும் வளரும், இவளுடைய கையிலும் நாலு காசு புரளும் என்று சொன்னோம். வயிறு குலுங்கச் சிரித்தாள்.

எப்படியம்மா மூன்றையும் சுமக்கிறாய் என்றோம். அவள் தன் தொழிலாலேயே விளக்கம் சொன்னாள். கேமராவில் மூன்று திருகு உண்டாம். லென்ஸின் துளை எவ்வளவு திறக்கிறது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது. ஒளியை எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்னும் ஐ.எஸ்.ஓ. எண். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு என்று துளையை அகலத் திறந்தால் மாப்பிள்ளை முகம் தெளிவாகும், பின்னே நிற்கும் மாமனார் முகம் மங்கும். ஷட்டரை 1/60 வினாடிக்கும் கீழே இறக்கினால் கையின் நடுக்கம் படத்தில் தெரியும். ஐ.எஸ்.ஓ.வை 3200, 6400 என்று ஏற்றிக்கொண்டே போனால் படமெங்கும் மணல் மணலாய்ப் புள்ளி. “ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணைக் குறைக்கணும் அண்ணா. என் பொழப்பும் அப்படித்தான். இந்த மாசம் ஆராய்ச்சியைக் குறைச்சேன்” என்றாள்.

ஆராய்ச்சியைக் குறைத்தாள்! கேட்கையில் நெஞ்சு சுட்டது. ஏன் என்று சொல்கிறோம்.

நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ல், பாரிசில். இருபது ஆண்டு கூட ஆகவில்லை. அது நம் மண்ணுக்கு வந்துவிட்டது. 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். அதுதான் இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. 1856ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற படைத்தளபதி சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 இறுதியில் புறப்பட்டு, ஸ்ரீரங்கம், தஞ்சை, மதுரை என்று கேமராவோடு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை, 21 படங்களாய் எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். தமிழன் கல்லில் எழுதியதைக் காகிதத்தில் ஏற்றினார்! பிறகு என்ன நடந்தது? ஆளுநர் ட்ரெவெலியன் கணக்கைப் பார்த்தார். புகைப்படம் ஓர் ஆடம்பரம், இன்றைய நிதிநிலைக்கு ஒவ்வாது என்று கூறி அந்த அலுவலகத்தையே இழுத்து மூடினார். ட்ரெவெலியன் போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவர் குரல் மட்டும் இன்னும் போகவில்லை. “போட்டோப் படிப்பா? வசதி உள்ளவன் வீட்டுப் பொழுதுபோக்கு ஆயிற்றே! உனக்கு எதற்கு?” என்று அவளுடைய மாமன் கேட்டாராம். அதே குரல்தான்.

இன்னொன்றும் உண்டு. ட்ரைப்பிடம் உதவியாளராக ஐயாசாமி என்ற ஒருவர் இருந்தார். ட்ரைப் படங்கள் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. ட்ரைப் பற்றிப் பெருநூல்கள் வந்துள்ளன. ஐயாசாமியை யார் அறிவார்? நமக்கே அந்தப் பெயரைச் சொன்னவள், விளக்குக் கம்பம் பிடித்து நின்ற அந்த மாணவிதான். “அவரும் என்னை மாதிரி அசிஸ்டென்ட் அண்ணா” என்றாள்.

கேமரா இந்த நாட்டில் யாரைப் படம் பிடித்தது, எப்படிப் பிடித்தது என்பதும் ஆராயத்தக்கதே. 1868 முதல் 1875 வரை, ‘இந்திய மக்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் எட்டுத் தொகுதிகள் இலண்டனில் வெளியாயின. சாதியை எழுதிப் படத்தை ஒட்டி, மனிதரைப் பண்டம் போல வகைப்படுத்தினர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தலையை அளந்தார், மூக்கை அளந்தார். 1909ல் தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அளக்கப்பட்டவர் யார்? நம் பாட்டனும் பாட்டியும். கேமராவுக்கு முன்னே நிறுத்தப்பட்டவர்கள். பின்னே நிற்க அனுமதிக்கப்படாதவர்கள்! இன்று அந்தப் பாட்டியின் பேத்தி கேமராவுக்குப் பின்னே நிற்கிறாள். ஊர் ஸ்டூடியோவின் பழைய பெட்டிகளைத் திறந்து, முதன்முதலாகத் தன் காசில், தன் விருப்பத்தில், செருப்பணிந்து நாற்காலியில் அமர்ந்து படமெடுத்துக்கொண்ட உழைப்பாளி எவன் என்று தேடுகிறாள். நாற்காலியில் அமர்வதே குற்றம் என்றிருந்த ஊர்களில், ஸ்டூடியோ நாற்காலி எவருக்கும் இடம் தந்தது என்கிறாள். இது வரலாறு அல்லவா? நாம் மேடைதோறும் பேசும் வரலாற்றுக்குச் சான்று அல்லவா? இந்த ஆராய்ச்சியைத்தான் அவள் இந்த மாதம் குறைத்தாள், பேட்டாவுக்காக!

ஆவணக் காப்பகம் திறந்திருக்கும் நேரம், அவளுக்கு வகுப்பு நேரம். வகுப்பில்லாத நாள் முகூர்த்த நாள். கேமராவோ வாடகைக் கேமரா. நல்ல கேமராவும் லென்ஸும் சேர்ந்தால் இலட்ச ரூபாயைத் தாண்டும். கொத்தனார் எந்தச் சுவரில் அதைக் கட்டி எழுப்புவார்? கழக ஆட்சியில் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் தனக்கு மாதம் 1,000 ரூபாய் வந்ததையும், இரயில் பாஸும் படங்களின் அச்சுக்கூலியும் அதில்தான் நடந்ததையும் அவளே சொன்னாள். மகிழ்ந்தோம். அந்த ஆயிரம் இல்லாதிருந்தால் அவள் முதலாண்டிலேயே நின்றிருப்பாள். ஆயினும் அது அவளைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்தது. தொழிலின் வாசலில் வேறொரு காவலாள் நிற்கிறானே!

அவன் பெயர் இன்டர்ன்ஷிப். படத் தொகுப்பை எடுத்துக்கொண்டு ஒரு நிறுவனத்துக்குப் போனாள். பெயர் வேண்டாம். “மூன்று மாதம் வேலை செய், சம்பளம் கிடையாது, அனுபவம் கிடைக்கும்” என்றார்களாம். அனுபவம்! அரிசிக் கடையில் அனுபவத்தை அளந்து கொடுத்தால் அரிசி தருவார்களா? மூன்று மாதம் சம்பளமின்றி நகரத்தில் அறை எடுத்துத் தங்க யாரால் முடியும்? அப்பன் பணம் உள்ளவனால் முடியும். ஆக, திறமைக்கு வைத்த தேர்வு என்று பெயர், வடிகட்டுவதோ வறுமையை! முன்பு குலத்தைக் கேட்டு வாசலை மூடினர். இன்று குலம் கேட்பதில்லை, மூன்று மாதச் சோறு உண்டா என்று கேட்கின்றனர். விளைவு ஒன்றே. தொழிற்பழகுநர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. பழகுநருக்கு உதவித்தொகை தரவேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். ஆலையில் பழகும் இளைஞனுக்கு உள்ள அந்த நியாயம், படம் எடுக்கப் பழகும் பெண்ணுக்கு மட்டும் ஏன் கசக்கிறது?

இப்படி வந்தவர்களால் என்ன ஆகும் என்று கேட்போர், மதுரைப் பக்கத்து எம். பழனிகுமாரின் படங்களைப் பார்க்கட்டும். மீன் விற்று வளர்த்த தாயின் மகன். மலக்குழியில் இறங்கி மாண்ட தொழிலாளர் வீடுகளுக்குப் போய், அந்தத் துயரை நாட்டின் முகத்துக்கு நேரே நிறுத்தினார். 2017ல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவும் அவருடையது. 2022ல் தயானிதா சிங் பெயரிலான ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவர். அந்த வீடுகளின் கதவு, குளிரூட்டிய காரில் வந்து இறங்குபவனுக்கு அத்தனை எளிதில் திறந்திருக்குமா?

சட்டத்தையும் சற்றுப் பார்ப்போம். அவளுக்கு இது தெரிந்திருந்தது, வழக்கறிஞர் பலருடன் பழகும் நமக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். திருமண வீட்டார் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லையெனில் அவர்களுக்கே உரிமை. சரி, அது நியாயந்தான். ஆனால் உரிமை கைமாறினாலும், ‘இது என் ஆக்கம்’ என்று சொல்லிக்கொள்ளும் தனியுரிமை எடுத்தவருக்கு உண்டு. 2012 திருத்தத்துக்குப் பின், எழுத்தாளன் நூலுக்கு இருப்பது போலவே, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டும் புகைப்படத்துக்குப் பாதுகாப்பு. சட்டம் இவ்வளவு சொல்கிறது. நடப்பு? அண்மையில் தலைமைப் படப்பிடிப்பாளர் பந்தியில் அமர்ந்த நேரத்தில் அவள் எடுத்த படமொன்று, தாலி கட்டி முடிந்ததும் தனியே தூணோரம் நின்று கண்துடைக்கும் ஒரு தந்தை, அந்தக் கடையின் விளம்பரத்தில் வந்தது. கடையின் பெயர் பெரிதாக. அவள் பெயர் எங்கும் இல்லை.

பிறரைச் சொல்கிறோமே, நாம் யோக்கியமா? நமது ஏட்டையும் சேர்த்தே சொல்கிறோம். மாநாட்டுப் பந்தலில் கொடிக்கம்பத்தில் தொற்றிக்கொண்டு, வெயிலில் வெந்து, மக்கட்கடலைப் படமாக்குகிறான் ஒரு தம்பி. மறுநாள் முதற்பக்கத்தில் எட்டுப் பத்தி அகலத்துக்கு அந்தப் படம். மேடையில் இருந்தவர் பெயர்கள் இடமிருந்து வலமாக அத்தனையும் உண்டு, மூன்றாம் வரிசையில் நின்றவர் வரை! எடுத்தவன் பெயர்? உழைப்புக்கு மதிப்பு என்று தலையங்கம் தீட்டும் தாளிலேயே உழைத்தவன் பெயருக்கு இடமில்லை. இது நமக்கு அழகல்ல. ஆசிரியர் குழுவில் இதைச் சொன்னோம். இடமில்லை என்றார் ஒருவர். மூன்றாம் வரிசையை நீக்குங்கள் என்றோம். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

கல்லூரிகள் செய்யக்கூடியதும் உண்டு. சனிக்கிழமை மாலை பூட்டுப் போட்டு அலமாரியில் உறங்கும் கேமராக்களை, பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் மாணவருக்கு ஞாயிறு வரை தந்தால் என்ன குறைந்துவிடும்? ஊர் ஊராய்ப் போய்ப் பழம்படம் திரட்டும் நாளை வருகை நாளாகக் கணக்கிட்டால் எந்தப் பல்கலைக்கழகம் இடிந்துவிழும்? ஆசிரியர்களில் இதை ஒப்புபவர் பலர். விதியை மாற்றும் கையெழுத்து மட்டும் எங்கோ ஒரு மேசையில் காத்திருக்கிறது. சம்பளமற்ற பயிற்சிக்கு மதிப்பெண் வழங்குவதையாவது நிறுத்தலாம்.

சென்ற வாரம் அந்தத் திருமணத்தின் படங்கள் நமது அலுவலகத்துக்கு வந்தன. ஒன்றில் ஒலிபெருக்கிக்கு முன்னே நாம், கை உயர்ந்திருக்க, வாய் திறந்திருக்க நிற்கிறோம். பின்னே மணமகன் கொட்டாவியை அடக்குகிறார், மணமகள் அடக்கவில்லை. தலைமைப் படப்பிடிப்பாளர் தேநீர் அருந்தப் போயிருந்தபோது, கம்பத்தைத் தூணில் சாய்த்துவிட்டு அவள் எடுத்த படமாம் அது. கடையில் கேட்டுத்தான் அனுப்பினாளாம். நமது ஏட்டில் வெளியிடலாமா, எடுத்தவர் என்று உன் பெயரைப் போடலாமா என்று தொலைபேசியில் கேட்டோம்.

“கட்டுரையில வேண்டாம் அண்ணா, அப்பா சங்கடப்படுவார். படத்துக்குக் கீழே போடுங்க” என்றாள்.

ஞாயிறு மலரில் வருகிறது. கீழே ஒரே ஒரு பெயர்.