டாப்ளர் ஸ்கேன்: ஒரு செட்டிங் மாறினால் ரிப்போர்ட்டே மாறுமா?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். டாப்ளர் ஸ்கேனுக்காக நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போகும் கர்ப்பிணி, அத்தனையிலும் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் இன்னொரு முறை அதே பயணம். அதனால் முதல் ஸ்கேனே சரியாக அமைவது முக்கியம்.

சாதாரண ஸ்கேன் குழந்தையின் உருவத்தைக் காட்டும். டாப்ளர் ரத்த ஓட்டத்தைக் காட்டும். பஸ் நெருங்கும்போது ஹாரன் சத்தம் கூர்மையாகவும், கடந்து போனதும் தணிந்தும் கேட்கும் அல்லவா? 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய அந்த விளைவுதான் இங்கேயும். ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்தை வைத்து மெஷின் வேகத்தைக் கணக்கிடுகிறது.

எங்கே தவறு வரலாம்?

ஃபில்டர்: ரத்தக்குழாய்ச் சுவரின் அசைவும் சிக்னலாகப் பதிவாகும். அதை நீக்கத்தான் ஃபில்டர். அளவு கூடினால், மெதுவாக ஓடும் ரத்தமும் சேர்ந்து அழிந்துவிடும். குழந்தையின் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் தளரும்போதும் தொப்புள்கொடித் தமனியில் ரத்தம் ஓட வேண்டும். அது இல்லையென்றால் நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை என்ற அபாய அறிகுறி. இருக்கும் ஓட்டத்தை ஃபில்டர் மறைத்துவிட்டால் வீண் பதற்றம்தான். சர்வதேச வழிகாட்டுதல், ஃபில்டரை 50-60 ஹெர்ட்ஸுக்குள் வைக்கச் சொல்கிறது.

வேக அளவு: குறைத்து வைத்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, ரத்தம் எதிர்த்திசையில் ஓடுவதுபோலத் தெரியும். சினிமாவில் கார் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுமே, அதே கதை. கூட்டி வைத்தால் அலைகள் குட்டையாகி, அளப்பது சிரமமாகும்.

நேரம்: குழந்தை அசையும்போதும், மூச்சுப் பயிற்சி செய்யும்போதும் அலைகள் மாறும். அது அமைதியாகும்வரை காத்திருந்து, ஒரே சீரான அலைகளைப் பதிவு செய்ய வேண்டும். ஸ்கேன் அறையில் தாமதமானால், காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு...

ஸ்கேனின்போது அசையாமல் படுத்திருங்கள். மூச்சை அடக்கச் சொன்னால் மட்டும் அடக்குங்கள். ரிப்போர்ட்டில் 'ரத்த ஓட்டம் இல்லை' என்று வந்தால், "செட்டிங்கை மாற்றி இன்னொரு முறை பார்த்தீங்களா டாக்டர்?" என்று அங்கேயே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. மறுபடி பார்த்தும் அதே முடிவு வந்தால், 'மெஷின் கோளாறாக இருக்கும்' என்று நீங்களே முடிவுகட்டி மலையேறிவிடாதீர்கள். மகப்பேறு மருத்துவரை அன்றைக்கே பாருங்கள்.