பழைய இயங்குதளமும் புதிய முனையமும்

புதியது வந்தவுடன் பழையதை எறிந்துவிடுதலே அறிவுடைமை என்னும் எண்ணம் கணிப்பொறி உலகில் ஆழ வேரூன்றி நிற்கின்றது. அதனை ஐயுறுவாரைத் தமிழ் மாணவருள்ளும் சிலர் நன்னூலைக் காட்டி வாயடைப்பர். பழையவை வழக்கொழிவதும் புதியவை வந்து சேர்வதும் காலத்தின் இயல்பாதலிற் குற்றமாகா என்பதே பவணந்தியார் கருத்து. குற்றமன்று என்றாரேயன்றிக் கடமையென்று அவர் கூறினாரல்லர். இவ்வேற்றுமையை மறந்தமையால் விளையும் இடர் ஒன்றனை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

யான் கூறப்புகுவது முனையச் செயலியைப் பற்றி. கணிப்பொறித் துறையினர் அதனை டெர்மினல் எமுலேட்டர் என்பர். முற்காலத்தில் ஒரு பெருங்கணிப்பொறியோடு பலர் உரையாடுதற்குத் திரையும் விசைப்பலகையும் மட்டுமே உடைய பெட்டிகள் இருந்தன. அவற்றுட் பெயர்பெற்றது டெக் நிறுவனத்தார் 1978-இல் வெளியிட்ட விடி100. திரையில் 24 வரிகள். வரிக்கு 80 கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. பெட்டிகள் மறைந்தன, அவற்றைப்போல் நடிக்கும் செயலிகள் அவற்றின் இடத்தைக் கைக்கொண்டன. 1984-இல் தோன்றிய எக்ஸ்டெர்மும், சைமன் டாத்தம் என்னும் ஆங்கிலேயர் 1999-இல் வெளியிட்ட புட்டியும் இன்றளவும் வழங்குவன.

தமிழ் பயில்வானுக்கு இதனால் யாது பயன் என வினவலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரின் உழைப்பால் நம் இலக்கியங்கள் பலவும் மின்னெழுத்து வடிவிற் கிடைக்கின்றன. ஒரு சொல் எட்டுத்தொகையில் எங்கெங்கு வருகின்றது என்று காண்டற்கு நூல்நிலையத்தில் ஒரு மாலைப்பொழுது வேண்டும். முனையத்திலோ ஒருவரிக் கட்டளை போதும். அச்சொல் வரும் அடிகள் அனைத்தும் நொடியில் வந்து நிரைநிற்கும். புணர்ச்சியில் உருமாறிய சொல்லை மட்டும் அது காணாது விட்டுவிடும்; அதற்கு இன்னும் நம் ஆசிரியர்களே வேண்டும்.

எம்மூர் செஞ்சி. அவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பல வீடுகளில் உள்ள ஒரே கணிப்பொறி, 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காளோ பெற்றுவந்ததேயாம். எம் இல்லத்துள்ளதும் அத்தகையதே. அதிலுள்ள இயங்குதளம் விண்டோஸ் 7. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2019-இல் திறமூலமாக வெளியிட்ட விண்டோஸ் டெர்மினல் என்னும் செயலி மிக அழகியது. ஆயின் விண்டோஸ் 10-க்கு முற்பட்ட தளங்களில் அது நுழையாது. விண்டோஸ் 7-க்கு அளிக்கப்பட்டுவந்த ஆதரவு 2020 சனவரி 14-ஆம் நாளும், விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளும் முடிவுற்றன. விண்டோஸ் 11-ஓ, டிபிஎம் 2.0 என்னும் காப்பமைப்பு இல்லாத பொறிகளைத் தகுதியுடையனவாகக் கொள்வதில்லை. ஆகவே பழுதின்றி ஓடும் பொறி ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே பழம்பொருளாகிவிடுகின்றது.

திறமூலமாயின் வாயில் முற்றும் அடைபட்டதாகாது. விண்டோஸ் டெர்மினலின் நிரல் எம்ஐடி உரிமத்தின்கீழ் உள்ளது. எவரும் அதனை எடுத்துத் திருத்திப் பழைய தளத்திற்கு ஏற்ப அமைக்கலாம். இத்தொழிலைப் போர்ட்டிங் என்பர். நாற்றைப் பறித்து வேற்று வயலில் நடுதல் போன்றதாகலின் யான் பெயர்த்துநடல் என்பேன்.

அது எளிய தொழிலன்று. புதிய செயலி, தளத்தினிடம் பெயர்சொல்லி உதவி கேட்கும். கேட்ட பெயர்களுள் ஒன்று பழைய தளத்தில் இல்லாதொழியினும் செயலி தொடங்கவே மறுக்கும். எனவே பெயர்த்து நடுவோர், அப்பெயர் உளதோ என முதலில் தேடி, இல்லாவிடத்துத் தாமே ஒரு மாற்றினை எழுதிவைத்தல் வேண்டும். இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. யூனிக்ஸ் வழித்தோன்றிய தளங்களில் முனையத்துக்கும் கட்டளை நிரலுக்கும் இடையே நின்று செய்தி கடத்தும் போலிமுனையம் என்னும் அமைப்பு நெடுங்காலமாக உண்டு. விண்டோஸில் அது 2018-இல்தான் கான்பிடிஒய் என்னும் பெயரோடு வந்தது. அதற்குமுன் வின்பிடிஒய் என்னும் திறமூல நிரல் ஒரு விநோதமான உபாயத்தைக் கையாண்டது. கண்ணுக்குப் புலப்படாத கட்டளைச் சாளரம் ஒன்றைத் திறந்து, அதில் எழுதப்படுவதை மீண்டும் மீண்டும் நோக்கி, மாறியவை இவையெனத் துணிந்து வெளிமுனையத்துக்கு உரைத்தது. திரைமறைவிற் கூத்து நடக்க, சாவித் துவாரத்தின்வழி ஒருவன் பார்த்து வெளியே நிற்பார்க்குச் சொல்லுவது போன்ற செயல்! நகைப்புக்குரியதாயினும் பயன்பட்டது, விண்டோஸ் 7-இல் புதிய முனையம் நடுவார்க்கு அதுவே இன்றும் வழி.

இதற்குத் தடை கூறுவாரும் உளர். லினக்ஸை நிறுவிவிடுக என்பது முதற்றடை. யான் அதனை மதிக்கின்றேன். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் அத்துறையில் ஆற்றும் பணி போற்றத்தக்கது. அரசு வழங்கிய பொறிகள் பலவற்றில் சிடாக் நிறுவனத்தாரின் பாஸ் லினக்ஸும் உடன் இருந்ததுண்டு. ஆயின் ஒரே பொறியில் தந்தையார் கடைக்கணக்கு எழுத, தங்கை பள்ளிப்பாடம் காணும் வீட்டில், மகன் ஒருவனது விருப்பத்திற்காக அனைவர்க்கும் பழகிய தளத்தைப் பெயர்த்தெறிதல் முறையாகாது. ஆதரவு நின்ற தளம் காவலற்ற வீடு என்பது இரண்டாவது தடை. அது முற்றும் மெய். அத்தகைய பொறியில் வங்கிக் கணக்கைத் திறத்தல் பேதைமை. வலையோடு தொடர்பின்றிப் புறநானூற்றிற் சொல் தேடுவார்க்கு அவ்வச்சம் இல்லை. பழைய தளங்களையும் சுமக்கச் சொல்லி மூலநிரலாசிரியரை வருத்தல் ஆகாது என்பது மூன்றாவது. இதனை யான் மறுக்கவில்லை. அவரைச் சுமக்கச் சொல்லவுமில்லை. வேண்டுவோர் தனிக்கிளையாக வளர்த்துக்கொள்ளவே உரிமம் இடந்தருகின்றது. எம்மூர்க் கோட்டையை 1649-இல் பீஜப்பூராரும், 1677-இல் சிவாஜியும், 1698-இல் மொகலாயரும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் கைக்கொண்டனர். பழைய மதிலென்று அதனைக் கைவிட்டு எவரும் வேறு மலை தேடிப் போனாரல்லர்.

இனித் தமிழெழுத்தின் நிலையைக் காண்போம். எனக்கு இவ்விஷயத்தில் ஆர்வம் பிறந்ததும் இதனாலேயே. முனையத்தின் உலகு கட்டங்களால் ஆயது. எந்த எழுத்துக்கு எத்தனை கட்டம் என்பதை ஒரு பட்டியல் வரையறுக்கும். புட்டி முதலிய பல செயலிகள் மார்க்கஸ் கூன் என்பார் தொகுத்த பட்டியலைப் பின்பற்றின. அது யூனிகோடு வகுப்பைத் தழுவியது. யூனிகோடோ ஈகாரக் குறியை இடங்கொள்ளாக் குறியெனவும், இகரக் குறியை இடங்கொள்ளும் குறியெனவும் வகுத்துள்ளது. விளைவு யாதெனின், 'கி' என்னும் குறிலுக்கு இரண்டு கட்டம். 'கீ' என்னும் நெடிலுக்கு ஒன்று! குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டும் தந்தார் தொல்காப்பியர். பொறி அதனைத் தலைகீழாக்கிவிட்டது. அம்மட்டோ? ஒவ்வொரு குறியையும் தனித்தனிக் கட்டத்தில் வரையும் செயலியில், 'கெ' என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னே போய் நிற்கும். விண்டோஸ் 7-இன் சொந்தக் கட்டளைச் சாளரமோ தமிழைச் சரிவரக் காட்டும் வல்லமையே இல்லாதது.

கட்டத்துள் தமிழ் அடங்காது என்று கூறுதலும் பொருந்தாது. யாழ்ப்பாணத்து முத்தையா அமைத்த தட்டச்சுப் பொறியில் நகரா விசை என்பது ஒன்றுண்டு. அதனை அழுத்தினால் குறி பதியும், தாள் நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அக்குறியோடு வந்து பொருந்தும். இரும்பாற் செய்த பொறி அறிந்த நுட்பத்தை மின்பொறி அறிதற்கு இத்துணைக் காலமாயிற்று. விண்டோஸ் டெர்மினலின் 2024-ஆம் ஆண்டு முன்னோட்டப் பதிப்பிலேதான், மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்ததை ஓரலகாகக் கொள்ளும் முறை புகுத்தப்பட்டது. நம் எழுத்துக்குற்ற நோய்க்கு மருந்து வந்தது. ஆனால் நம் வீடுகளிலுள்ள பழம்பொறிகளில் அது இறங்காது. இந்நிலையில் பெயர்த்துநடலைப் பொழுதுபோக்கு என்று எவ்வாறு தள்ளுவது?

ஒன்று மட்டும் கருத்திற் கொள்ளத்தக்கது. முனையத்தின் பட்டியலை மட்டும் திருத்தினாற் போதாது. அதனுள் ஓடும் கட்டளை நிரலும் தொகுப்புச் செயலியும் தத்தமக்கு வேறு கணக்கு வைத்திருப்பின், எழுத்து ஓரிடத்தும் சுட்டி ஓரிடத்துமாக நிற்கும். இருபுறமும் ஒருங்கே திருந்தல் வேண்டும். நிரலெழுதும் பகுதியை நம் கல்லூரியின் கணிப்பொறி வகுப்பார் ஏற்கலாம். 247 எழுத்துக்களையும் ஒவ்வொன்றாகப் பழைய பொறியின் திரையில் எழுதி, கட்டத்தை எண்ணி, கொம்பும் காலும் புள்ளியும் பிறழ்ந்த இடங்களைக் குறித்துத் தரும் வேலைக்கு நிரலறிவு வேண்டுவதில்லை. அதனைத் தமிழ் ஹானர்ஸ் வகுப்பார் வரும் பருவத்திலேயே தொடங்கலாம். எங்கள் வீட்டு மடிக்கணினியைக் கொண்டுவர யான் இசைகின்றேன்.