மரத்தரை: விலை வேறு, செலவு வேறு

சேலம், நாமக்கல் பக்கம் பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்கத் தரையைப் பெயர்த்தால், அந்தக் குடும்பத்தின் வரலாறே அடுக்கடுக்காக வெளியே வரும். அடியில் சாணி மெழுகிய மண்தரை. அதற்கு மேல் காவி கலந்த சிமெண்ட் தரை. எழுபது, எண்பதுகளில் கையில் கொஞ்சம் காசு புரண்டதும் மொசைக். பிறகு மார்பிள், கிரானைட். அதற்கும் பிறகு குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்து இறங்கிய வெட்ரிஃபைட் டைல்ஸ். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் தரையைப் "பழசு" என்று சொல்லி உடைத்திருக்கிறது. (உடைத்த தரைகளில் பாதி இன்னும் நன்றாகத்தான் இருந்திருக்கும்!)

இப்போது வரிசையில் வந்து நிற்பது மரத்தரை.

ராசிபுரமோ திருச்செங்கோடோ, ஏதோ ஓர் ஊரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகன் வெளிநாட்டில் நான்கு வருடம் இருந்துவிட்டு வருகிறான். அங்கே வாடகை வீட்டில் பார்த்த மரத்தரை மனதை விட்டுப் போகவில்லை. ஹாலில் தேக்குப் பலகைத் தரை போட வேண்டும் என்கிறான். அப்பா வங்கிக் கடனைக் கணக்குப் போடுகிறார். அம்மா துடைப்பத்தையும் வாளியையும் நினைத்துப் பார்க்கிறார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆத்தா மட்டும், "ஏங்கண்ணு, கட்டில்தான் மரத்துல இருக்குதே, தரையையும் கட்டிலாக்கணுமா?" என்று கேட்கிறார். எல்லோரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

சிரித்துவிட்டு நகரக் கூடிய கேள்வி இல்லை அது. அந்த வீட்டின் பல வருடச் சேமிப்பு அந்தத் தரைக்குள் போகப் போகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில், கடையில் "வுட்டன் ஃப்ளோரிங்" என்று காட்டப்படுவது எல்லாம் மரம் இல்லை. அழுத்திய மரநார் அட்டையின் மேல், மரத்தைப் படம் எடுத்து அச்சடித்த தாளை ஒட்டினால் அது லேமினேட். ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய அசல் மரத்தை ஒட்டினால் எஞ்சினியர்ட் வுட். மேலிருந்து கீழ்வரை ஒரே மரம் என்றால்தான் சாலிட் வுட். கண்டுபிடிப்பது சுலபம். துண்டின் வெட்டுமுனையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே தெரியும் ரேகை வெட்டுமுனையிலும் தொடர்ந்தால் அது மரம்; அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுவேலை; ஒரே மாவாகத் தெரிந்தால் லேமினேட். மூன்றும் பளபளவென்று ஒன்றுபோலத்தான் இருக்கும். சாலிட் மரத்தைத் தேய்ந்த பிறகு இழைத்துப் புதுசாக்கலாம், அதுவும் ஒரு முறைக்கு மேல். லேமினேட்டை ஒரு முறைகூட இழைக்க முடியாது. இழைத்தால் படம் போய்விடும்.

இனி அசல் மரத்தையே எடுத்துக்கொள்வோம். குளிர் நாடுகளில் மரத்தரை ஏன் பிடித்துப்போனது? மரம் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அதனால் பாதத்தின் சூட்டைத் தரை உறிஞ்சாது; கால் சில்லிடாது. கிரானைட் வெப்பத்தைக் கடத்தும் வேகம் மரத்தைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம். சேர்வராயன் மலைக்கும் கஞ்சமலைக்கும் நடுவில் கிடக்கும் சேலம் சமவெளியில் மார்ச் முதல் ஜூன் வரை மனிதனுக்கு வேண்டியது என்ன? சூட்டை உறிஞ்சும் தரை. மத்தியானம் பாயைக்கூட விரிக்காமல் வெறும் தரையில் படுக்கிறார்களே, அது சோம்பேறித்தனம் இல்லை. காசில்லாத ஏர்கண்டிஷன் அது. அங்கே மரத்தைப் பரப்பினால், குளிர் நாட்டில் அதன் சிறப்பாக இருந்த குணமே இங்கே குறையாகிவிடும்.

அடுத்தது தண்ணீர். நம் வீடுகளில் தரையைத் துடைப்பது மட்டும் இல்லை, கழுவுவதும் வழக்கம். பொங்கலுக்குக் கழுவுவார்கள், விசேஷத்துக்கு முன்னால் கழுவுவார்கள், துக்கம் நடந்தாலும் கழுவுவார்கள். மரத்தரையை நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். வாளித் தண்ணீர் ஊற்றினால் இணைப்புகளில் இறங்கிவிடும்.

ஊற்றாமல் வைத்திருந்தாலும் காற்றில் இருக்கும் ஈரம் விடாது. மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப உப்பும், சுருங்கும். நீளவாக்கில் இல்லை, அகலவாக்கில். மரங்களிலேயே மிகக் குறைவாக அசைவது என்று பெயர் வாங்கியது தேக்கு. அந்தத் தேக்கே, மரத்தின் ஈரப்பதம் வெறும் 4 சதவீதம் ஏறினால், 12 அடி அகல அறையில் பலகைகள் எல்லாம் சேர்ந்து ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக விரியப் பார்க்கும். பிப்ரவரி, மார்ச்சின் வறண்ட காற்றுக்கும் அக்டோபர், நவம்பரின் மழைக்கும் நடுவே இந்த மாற்றம் இங்கே சாதாரணம். சுவரோரம் இடம் விடாமல் இறுக்கி அடித்த தரை அந்த ஓர் அங்குலத்தை எங்கே கொண்டுபோய் வைக்கும்? நடுவில் கூடாரம் போல எழும்பி நிற்கும்.

மூன்றாவது, கரையான். "தேக்கில் கரையான் ஏறாது" என்பது பாதி உண்மை. மரத்தின் நடுவில் இருக்கும் வைரம்தான் கரையானைத் தடுக்கும். ஓரத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதிக்கு அந்தச் சக்தி இல்லை. சீக்கிரம் வெட்டப்படும் தோட்டத்து இளம் தேக்கில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. "வைரம் பாய்ந்த கட்டை" என்று பெரியவர்களைப் புகழ்வது சும்மா இல்லை. வைரம் பாய வயசாக வேண்டும். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக் கட்டைகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் தோட்டங்களில் வளர்த்த தேக்கும் இன்று சந்தைக்கு வருகிறது. ஆகவே "பர்மா" என்ற பெயரைக் கேட்டு மயங்காமல் பலகையில் வெள்ளை எவ்வளவு, வைரம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பர்மாவும் மலேயாவும் சூடான, மழை கொட்டும் நாடுகள்தானே? அங்கே மரத்தரை வீடுகள் காலங்காலமாக இல்லையா?

இருக்கின்றன. ஆனால் அந்த வீடுகள் கம்பங்களின் மேல் நிற்பவை. பலகைக்கு அடியில் காற்று ஓடும். நனைந்தாலும் இரண்டு பக்கமும் காயும். ஊட்டியில் ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களிலும் மரத்தரை உண்டு. அது குளிருக்காகப் போட்டது. தப்பு மரத்தின் மேல் இல்லை. காற்றுப் புகாமல், மண்ணின் ஈரம் ஏறும் கான்கிரீட் மேல், கீழ்த்தளத்தில் அதை ஒட்டுவதில்தான் தப்பு.

செட்டிநாட்டு நகரத்தார் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். பர்மாவில் தொழில் செய்தார்கள், மரவீடுகளைக் கண்ணால் பார்த்தார்கள், தேக்கைக் கப்பலில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தூணுக்கு வைத்தார்கள், நிலைக்கு வைத்தார்கள், கதவுக்கும் கூரைக்கும் வைத்தார்கள். கீழ்த்தளத்துத் தரைக்கு? ஆத்தங்குடிக் கல்லும் இத்தாலி மார்பிளும். காசில்லாமல் அல்ல. அந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் ஆசாரிகள் பல வருடங்களாகப் போட்டுக்கொண்டிருந்தது மரத்தரைதானே? இன்று இரும்புத் தகடு நிறைய வந்துவிட்டாலும் லாரியின் அடித்தளத்துக்குப் பலகை போடுவது பழைய வழக்கம். அங்கே பலகையை யாரும் கீழே ஒட்டுவதில்லை. குறுக்குச் சட்டத்தின் மேல் வைத்து போல்ட் போடுவார்கள். அடியில் காற்று. ஒரு பலகை போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். மேலே சொன்ன பர்மா வீட்டின் சூத்திரமும் இதுவேதான்!

அப்படியானால் மரத்தரையே கூடாதா? கூடும், இடம் பார்த்து. ஏற்காட்டில் வீடு கட்டுபவர் தாராளமாகப் போடலாம். சமவெளியில் என்றால் மாடியில், தண்ணீர் புழங்காத ஒரு படுக்கையறையில் போடலாம். ஈரக் கிரானைட்டில் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று வயசானவர்கள் இருக்கும் வீட்டுக்குத் தெரியும். முட்டிவலிக்காரர்களுக்கு மரம் கல்லைவிட இதம் என்பதும் உண்மை. இதை மறைத்துவிட்டுக் கல்லுக்கு மட்டும் வக்காலத்து வாங்குவது நேர்மையாகாது.

போடுவது என்று முடிவானால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கான்கிரீட் காய்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் தெரிந்துவிடும். அடியில் நீர் முத்துமுத்தாக நின்றால் இன்னும் பொறுக்க வேண்டும். மரத்தை வாங்கி வந்ததும் அடிக்கக் கூடாது. எந்த அறையில் போடப் போகிறோமோ அதே அறையில், நடுநடுவே குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வாரமாவது விட வேண்டும். எந்தப் பகுதியில் எந்த வேலைக்கு மரம் எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 287 என்று தனி விதியே இருக்கிறது. ஈரம் அளக்கும் மீட்டர் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேட்கலாம். வெட்டுமுனையில் வளையங்கள் நிமிர்ந்து நிற்கும் பலகை, படுத்திருக்கும் பலகையைவிட ஏறக்குறைய பாதிதான் அசையும். கிடைத்தால் அதையே எடுக்கலாம். மழைக்காலத்தில் அடித்தால் கோடையில் சந்து தெரியும், நடுக்கோடையில் அடித்தால் மழையில் உப்பும். இரண்டுக்கும் நடுவே, தை மாசம் சரியான நேரம். சுவரோரம் சுற்றிலும் அரை அங்குலம் விட்டு ஸ்கர்ட்டிங் பலகையால் மறைக்க வேண்டும். ஒட்டுவதைவிட, பாலிதீன் விரித்து, ரீப்பர் கட்டை அடித்து, அதன் மேல் பலகை பொருத்துவது நல்லது.

கடைசியாகக் கணக்கு. 12க்கு 15 அறை என்றால் 180 சதுர அடி. ஓர் அங்குலப் பலகை வாங்கி இழைத்து முக்கால் அங்குலமாக்க 15 கன அடி. கழிவுக்கு 20 சதவீதம் சேர்த்தால் 18 கன அடி. நல்ல தேக்கு கன அடிக்கு ஆயிரக்கணக்கில் விற்கிறது. அதோடு ஆசாரி கூலி, பாலிஷ், கரையான் மருந்து. இதுவரைக்கும் விலைதான். பாலிஷ் தேய்ந்தால் திரும்பப் பூசுவது, கீறலுக்குப் பயந்து கட்டில் காலுக்குத் துணி ஒட்டுவது, வருடா வருடம் கரையான் பார்ப்பது, இதெல்லாம் செலவு. பில்லில் விலை வரும், செலவு வராது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதல் பாடமே இந்த இரண்டையும் பிரிப்பதுதான். மொத்தத்தையும் கூட்டி, தரை உழைக்கும் வருடங்களால் வகுத்துப் பார்த்தால், இடித்த வீடுகளில் கிடைக்கும் பழைய தேக்கு உத்தரங்களை அறுத்துப் போடுவது பல சமயம் ஜெயிக்கும். பல மழையையும் கோடையையும் பார்த்துவிட்ட கட்டை, வைரமும் பாய்ந்திருக்கும். ஆணி, உளுப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். அதே கணக்கில் மோசமாகத் தோற்பது பெரும்பாலும் மலிவு என்று வாங்கிய லேமினேட்தான். ஒரு முறை தண்ணீரில் ஊறி உப்பினால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுவிட்டு அந்த மகன் ஒரு காரியம் செய்யலாம். மாடியில் தன் அறைக்கு மட்டும் பழைய தேக்குப் பலகை. கீழே ஹாலில் இருக்கும் காவித் தரை விரிசல் விடாமல் இருந்தால் அதையே மெருகேற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் வழுக்காத சொரசொரப்பில் கிரானைட்டோ கடப்பாக் கல்லோ போடலாம். மிச்சப்படும் பணத்தில் கடன் கொஞ்சம் குறையும்.

தரையைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டில் யாரைக் கேட்கிறோம்? சம்பாதிப்பவரைக் கேட்கிறோம், படம் காட்டுபவரைக் கேட்கிறோம். தினமும் அதைக் கூட்டித் துடைக்கும் அம்மாவையும், மத்தியானம் அதிலேயே படுத்து எழும் ஆத்தாவையும் கேட்பதில்லை. அவர்களிடம் கேட்டுவிட்டுப் போடும் தரையை அடுத்த தலைமுறை உடைக்க மாட்டான் என்று சொல்ல முடியாது. ஆனால் உடைக்கும்போது கொஞ்சம் யோசிப்பான்.