தண்ணீருக்கும் ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும்

கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் அன்றிரவே கணக்கைப் புரட்டித் தேடுகின்ற வியாபாரிகள் நாங்கள். ஆனால் வாகனத்தின் ரேடியேட்டரில் தினமும் அரை லீற்றர் தண்ணீர் குறைந்தால், "ஊத்திக்கொண்டு போங்க" என்று சாரதியிடம் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதனால் பணத்தையும் இழந்தேன், ஒரு நல்ல மனிதரையும் இழந்தேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் மீண்டும் திறந்தபோது, வரியோடு சேர்ந்த விலை சிறு வியாபாரிக்கு எட்டவில்லை. ஆகவே பழைய டீசல் கெப்பையே திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம். அதோடு நின்றோமா? டேர்போ இல்லாத என்ஜினுக்கு டேர்போ பூட்டுகிறோம். பம்பைத் திருகி டீசலைக் கூட்டுகிறோம். இன்டர்கூலரையும் பெரிய கம்பி பம்பரையும் ரேடியேட்டருக்கு முன்னால் பூட்டிக் காற்று வரும் வழியை மறைக்கிறோம். பின்னால் இரட்டைச் சுமை. டீசல் கூடினால் சூடும் கூடும். அந்தச் சூட்டில் பெரும் பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். ரேடியேட்டரோ பழைய அளவில்தான் இருக்கிறது.

எனது கெப்பும் அப்படி மாற்றப்பட்டதுதான். கொட்டாஞ்சேனைக் களஞ்சியத்திலிருந்து கண்டிக்குச் சரக்கு ஏற்றிப் போகையில் கடுகண்ணாவை ஏற்றத்தில் கொதித்து நின்றது. ஹெட் கெஸ்கட் போய்விட்டது என்றார்கள், மாற்றினோம். மூன்று வாரத்தில் அதே ஏற்றத்தில் அதே கதை. இம்முறை ஹெட்டே வெடித்திருந்தது. சூட்டு ஊசியைப் பார்க்காமல் ஓட்டியதாகச் சாரதியைப் பலர் முன்னிலையில் ஏசினேன். "முதலாளி, நான் ஊசியப் பார்த்துத்தான் ஓட்டினேன். தண்ணி எங்க போகுதெண்டு பாருங்க" என்று மட்டும் சொன்னார். நான் பார்க்கவில்லை. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

பிறகு பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு வயதான பாஸ், ஆறிய என்ஜினின் ரேடியேட்டரில் ஒரு கைப்பம்பைப் பூட்டி அழுத்தம் ஏற்றினார். பத்து நிமிடத்தில் தண்ணீர்ப் பம்பின் அடித்துளையிலிருந்து சொட்டு விழுந்தது. ஓடும்போது அந்தச் சொட்டு சூட்டிலேயே காய்ந்து விடுவதால் நிலத்தில் ஈரமே இருக்காது. இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சேறும் தூசியும் சுவர் போல இறுகியிருந்தன. ஆக, ஹெட் குற்றவாளியல்ல, பலியானது அது.

அன்று படித்த பாடத்தைச் சுருக்கமாகத் தருகிறேன். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். குறைந்த அளவையும் ஓடிய கிலோமீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு மூடியைச் சோதியுங்கள். 0.9 பார் அழுத்தம் பிடிக்கும் நல்ல மூடி இருந்தால் தண்ணீர் சுமார் 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. மூடி பழுதானால் கடற்கரையில் 100 பாகையிலும், 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் 94 பாகையளவிலும் கொதிக்கும். மரக்கறி ஏற்றப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளியே கசிவு இல்லையென்றால் உள்ளே பாருங்கள். எண்ணெய் பால் தேநீர் நிறமாகிறதா? ஆறிய என்ஜினை இயக்கிய உடனே ரேடியேட்டர் வாயில் குமிழி வருகிறதா, மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? அப்படியானால் எரிவாயு தண்ணீருக்குள் நுழைகிறது. அப்போது ஹெட்டைச் சந்தேகிக்கலாம். மெதுவாக ஏறும்போது மட்டும் சூடானால் விசிறியையும், வேகத்திலும் சுமையிலும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பையும் முதலில் பாருங்கள். தர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவதும், கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடுவதும் வைத்தியமல்ல. தூள் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும். கொதித்த என்ஜினில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றுவது நல்ல ஹெட்டையும் வெடிக்க வைக்கும்.

இது எங்கள் நாட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2003 முதல் ஃபோர்டு பிக்கப்களில் வந்த 6.0 லீற்றர் டீசல் என்ஜினும் இதே விஷயத்தில் பெயர் கெட்டது. அதன் எண்ணெய்க் கூலர் அடைபட, புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலருக்குத் தண்ணீர் போதாமல் அது உடைந்து, தண்ணீர் புகைக்குழாய் வழியே காணாமல் போனது. சக்தியைக் கூட்டி ஓட்டியவர்களுக்கோ ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்கள் நீண்டு கெஸ்கட் போனது. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே நோய் போலத்தான் தெரியும். சோதிக்காமல் செலவழித்தவர்கள் இரண்டு முறை செலவழித்தார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். பாஸ்மாரைக் குறை சொல்வதற்கு முன் எங்களைப் பார்ப்போம். சாமானுக்குக் காசு கொடுக்கிறோம், ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறோம். "பார்த்ததற்கா கூலி?" என்கிறோம். கூலி கிடைக்காத சோதனையை யார் செய்வார்? சாமானை மாற்றத்தான் செய்வார்கள். சோதனைக் கூலியை முதலில் கொடுங்கள். எனக்கு அது ஒரு ஹெட்டின் விலையில் மிகச் சிறு பங்காகத்தான் இருந்தது.

சென்ற மாதம் வெள்ளவத்தையில் அந்தச் சாரதியைக் கண்டேன். வேறொருவரின் லொறி ஓட்டுகிறார். என் பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப தண்ணி நிக்குதா முதலாளி?" என்று கேட்டார்.

நாளைக் காலை ஒரு கொப்பி வாங்கி உங்கள் வாகனத்தில் வையுங்கள். அதில் சாரதி எழுதுவதை நம்புங்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியும் வரை ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள்.